உழைப்பும் படிப்பும்

(நம் சங்கத்து ஆண்டுக் கூட்டத்தில், கார்த்திகைத் திங்களில் ஒரு ஞாயிறன்று முற்பகல் நிகழ்த்திய சொற்பொழிவு)



ஆண்டுதோறும் இம்மேடையில் எமக்கு அரைமணி நேரம் ஒதுக்கி, "ஐயா, ஏதேனும் இலக்கியம் பேசுங்கள்" என்று காரியதரிசி அவர்கள் கேட்டுக்கொள்வதும், யாமும் ஒரு பழநூலை எடுத்து விரித்துரைப்பதும் வழக்கமாகிவிட்டன. சென்ற ஆண்டு யாம் பேசிக்கொண்டிருக்கையில் முன்வரிசையில் இருவர் கண்ணயர்ந்தனர். அவர்கள்மீது எமக்கு வருத்தமில்லை. பந்திக்கு நேரமாகியிருந்தது, மின்விசிறிகளும் நன்றாகச் சுழன்றன. இவ்வாண்டு இலக்கியத்தை ஒருபுறம் வைத்துவிட்டு, கல்லூரியிற் படித்துக்கொண்டே கூலிக்கு உழைக்கும் நம் பிள்ளைகளைப் பற்றிப் பேசத் துணிந்தோம். இது நம் சங்கத்தின் பணப்பெட்டியையும் விடுதிக் கதவையும் தொடும் பேச்சாதலின் எவரும் உறங்கமாட்டீர்கள் என்று நம்புகின்றோம்.

சென்ற ஐப்பசித் திங்களில் நம் அன்பர் ஒருவர் இல்லத் திருமணத்திற்குச் சென்றிருந்தோம். முகூர்த்தம் காலை 7½ மணி. தாலி கட்டி முடிந்ததும் இரண்டாம் பந்தியில் அமர்ந்தோம். கறுப்புக் கால்சட்டையும் செந்நிறச் சட்டையும் தலையில் வலைத்தொப்பியும் கையில் உறையுமாகப் பத்துப் பன்னிரண்டு இளைஞர் ஓடியாடிப் பரிமாறிக்கொண்டிருந்தனர். எமக்கு இலை விரித்த பிள்ளை எம் முகத்தைப் பார்த்தான். யாமும் அவன் முகத்தைப் பார்த்தோம். கண்ணிமைக்கும் நேரத்தில் கையிலிருந்த இலைக்கட்டைப் பக்கத்திலிருந்தவனிடம் கொடுத்துவிட்டு அப்பால் நழுவினான். அவன் எம்மிடம் மேல்நிலை வகுப்பில் இரண்டாண்டு தமிழ் படித்தவன். இப்பொழுது அரசு கலைக் கல்லூரியில் வணிகவியல் இரண்டாம் ஆண்டு பயில்கின்றான். எழுத்து முத்துமுத்தாக இருக்கும். ஒற்றுப்பிழை மட்டும் இறுதிவரை போகவில்லை.

உண்டு முடித்ததும் கைகழுவும் சாக்கில் மண்டபத்தின் பின்புறம் சென்றோம். கவிழ்த்துப் போட்ட ஓர் அண்டாவின்மீது அமர்ந்து அவன் செல்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தான். திரைப்படமோ விளையாட்டோ என்று ஐயுற்று அருகிற் சென்றோம். அன்று பிற்பகல் 2 மணிக்கு அவனுக்குச் செமஸ்டர் தேர்வு. தோழன் எழுதிய குறிப்புகளைப் படம்பிடித்து வைத்துப் படித்துக்கொண்டிருந்தான். முதல்நாள் மாலை 5 மணிக்கு வேனில் வந்தானாம். வரவேற்பு விருந்து பரிமாறி, இலையெடுத்து, மேசை துடைத்து முடிக்க இரவு 11 ஆயிற்றாம். மேடைக்கம்பளத்தின் ஓரத்தில் நான்கு மணி நேரம் படுத்திருந்து, விடியற்காலம் 4 மணிக்கு எழுந்து மீண்டும் வேலை. இரண்டு வேளைக்குமாகக் கூலி 500 ரூபாய்.

"ஏனப்பா முன்பே சொல்லவில்லை?" என்று கேட்டோம். அவன் எழுந்து நின்று, "ஐயா, சங்கத்தில் மட்டும் சொல்லிவிடாதீர்கள். உபகாரச் சம்பளம் நின்றுவிடும்" என்றான்.

கனவான்களே! அவன் எம்மிடம் வேறொன்றும் கேட்கவில்லை. தேர்வு வருந்தியதாகவோ, உறக்கம் கெட்டதாகவோ, கால் வலித்ததாகவோ ஒரு சொல்லும் சொல்லவில்லை. அவனுக்கு இருந்த ஒரே அச்சம் நம்மைப் பற்றிய அச்சம்.

நம் கல்விநிதியின் விதிகளில் ஒன்று, "தாமே பொருளீட்டும் மாணாக்கர் இவ்வுதவிக்கு உரியரல்லர்" என்பது. இதனை நீங்கள் மறந்திருக்கலாம், யாம் மறத்தற்கில்லை. 11 ஆண்டுகளுக்கு முன் அவ்விதியை வகுத்த குழுவில் யாமும் ஒருவராக இருந்தோம். கருத்துப் பலருடையது, சொல்லமைப்பு எம்முடையது. ஐந்தே சீரில் செறிவாக எழுதிவிட்டோம் என்று அன்று உள்ளூர மகிழ்ந்ததும் உண்டு. அச்செறிவான வாக்கியம் ஒரு பிள்ளையை எம் இலையை விட்டு ஓடச் செய்தபோதுதான் அதன் பொருள் எமக்கு விளங்கிற்று.

அன்று அவ்வாறு எழுதியதற்குக் காரணம் இல்லாமற் போகவில்லை. நிதி சிறிது, கேட்போர் பலர். வருவாயுள்ளவன் பெற்றால் வருவாயற்றவன் இழப்பான் என்று கருதினோம். மற்றுமொரு காரணமும் இருந்தது. அதற்கு முந்திய ஆண்டில் நம் உதவி பெற்ற ஒருவன் செல்பேசி பழுதுபார்க்கும் கடையிற் பகுதிநேரமாகச் சேர்ந்து, கையிற் காசு புழங்கியதும் படிப்பைக் கைவிட்டான். அவனை முன்னிட்டே எல்லார்க்குமாக விதி செய்தோம். இப்பொழுது எண்ணிப் பார்த்தால், அவன் படிப்பை விட்டது காசு வந்ததனாலா, கல்லூரியில் ஐந்து தாள் தவறிப்போனதனாலா என்பதை யாம் எவரும் அவனிடம் கேட்கவே இல்லை.

நாம் கொடுக்கும் உபகாரச் சம்பளம் ஆண்டுக்கு 6,000 ரூபாய். பந்தி பரிமாறுபவனுக்கு ஒரு திருமணத்திற்கு 500 ரூபாய் என்றால் இது பன்னிரண்டு திருமணக் கூலி. பன்னிரண்டு திருமணத்துக் கூலியைக் கொடுத்துவிட்டு ஆண்டு முழுவதும் அவன் கையைக் கட்டிப்போட நமக்கு உரிமை உண்டா என்பதே இன்று யாம் கேட்க விரும்பும் கேள்வி.

"அரசாங்கம் எல்லாம் இலவசமாகக் கொடுக்கின்றதே, பிறகு எதற்கு வேலை?" என்று நம்மவரிற் பலர் கேட்கின்றனர். அரசு கலைக் கல்லூரிகளிற் போதனைக் கட்டணம் நீக்கப்பெற்றது உண்மை. அரசுப் பள்ளியிற் படித்த பெண்பிள்ளைகள் உயர்கல்வி பயிலுங்கால் திங்கள்தோறும் 1,000 ரூபாய் பெறும் புதுமைப் பெண் திட்டம் 2022-ஆம் ஆண்டு செப்டம்பரிலும், ஆண்பிள்ளைகட்குரிய தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024-ஆம் ஆண்டு ஆகஸ்டிலும் தொடங்கப்பெற்றன. இவற்றால் நேர்ந்த நன்மையை யாம் எம் பள்ளியிலேயே கண்ணாரக் கண்டோம்; பன்னிரண்டாம் வகுப்போடு நின்றிருக்கக்கூடிய பெண்பிள்ளைகள் கல்லூரிப் படியேறினர். 18 முதல் 23 வயதுவரை உள்ளாரில் நூற்றுக்கு 47 என்னும் அளவில் உயர்கல்விச் சேர்க்கை தமிழ்நாட்டில் உள்ளதென்று 2021-22-ஆம் ஆண்டுக்குரிய அகில இந்தியக் கணக்கெடுப்பு கூறிற்று. பாரதம் முழுமைக்கும் அவ்வளவு 28-ஐ ஒட்டியே இருந்தது.

ஆயின் இந்த 47-இல் முதன்முதலாகக் கல்லூரியைக் கண்ட குடும்பத்தார் எத்துணைப் பேர் என்று எண்ணுங்கள். கல்லூரிக்கு ஆகும் செலவைவிட, கல்லூரிக்குப் போவதால் வீட்டிற்கு வாராமற்போகும் கூலியே அவர்கட்குப் பெரிது. பதினெட்டு வயதுப் பிள்ளை சித்தாளாகவோ கடைப்பையனாகவோ சென்றால் நாளைக்கு இவ்வளவு என்று கொண்டுவருவான். அதனை மூன்றாண்டு இழந்தே அவன் தாய் அவனைப் படிக்க விடுகின்றாள். மேற்சொன்ன பிள்ளையின் தந்தை சாரத்திலிருந்து விழுந்து இடுப்பொடிந்து கிடக்கின்றார். தாய் மகளிர் குழுவிற் கடன் வாங்கியிருக்கின்றாள், வாரந்தோறும் தவணை. திங்கட்கு 1,000 ரூபாய் என்பது அறை வாடகையிற் பாதிக்கும் போதாத நகரத்தில், அத்தவணை எங்கிருந்து வரும்?

இனி, இப்பிள்ளைகள் எவ்வெவ்வேலை செய்கின்றனர் என்பதையும் சிறிது கேளுங்கள். யாம் நான்கு வாரமாக எம் பழைய மாணாக்கரைத் தேடிச் சென்று விசாரித்து அறிந்தவை இவை.

அரசு கல்லூரிகள் பலவற்றிற் காலையில் ஒரு சுழற்சி, பிற்பகலில் ஒரு சுழற்சி என இரண்டு பகுதியாக வகுப்பு நடக்கின்றது. இடநெருக்கடிக்காகச் செய்த ஏற்பாடு இது. ஆயினும் ஏழைப் பிள்ளைகட்கு இதுவே பெரிய வாய்ப்பாயிற்று. காலைச் சுழற்சியார் நண்பகற்குமேல் கடைக்குச் செல்கின்றனர். பிற்பகற் சுழற்சியார் விடியலிற் செய்தித்தாள் போடுகின்றனர், பால் போடுகின்றனர். பெட்ரோல் நிலையம், மருந்துக்கடை, நகலெடுக்கும் கடை, மாலையிற் சிறுவர்க்குப் பாடஞ் சொல்லுதல் என்று பல.

மோட்டார் சைக்கிளில் உணவுப் பொட்டலம் கொண்டுசெல்லும் வேலை இப்பொழுது மிகப் பெருகிவிட்டது. விரும்பிய நேரத்தில் வேலையைத் தொடங்கி விரும்பிய நேரத்தில் நிறுத்தலாம் என்பதால் மாணாக்கர்க்கு இது கற்பகத்தரு போலத் தோன்றும். ஆனால் மக்கள் பசிக்கும் நேரமே பணம் வரும் நேரம். இரவு 7 முதல் 11 வரை வண்டியோட்டினாற்றான் ஊக்கத்தொகை கிட்டும்; அதுவே மாணாக்கன் புத்தகம் திறக்கவேண்டிய நேரம். வண்டி தவணையில் வாங்கியது; பெட்ரோல் தன் செலவு; மழையில் வழுக்கி விழுந்தால் மருந்தும் தன் செலவு. இத்தகைய தொழிலாளர் எனப்படுவோர் யார் என்று வரையறை செய்ததே 2020-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பிற்றான். தமிழ்நாட்டில் அவர்கட்கென 2023-இல் ஒரு நலவாரியம் அமைக்கப்பெற்றது. நம் பிள்ளைகளில் அதிற் பதிந்துகொண்டவன் ஒருவனையேனும் யாம் காணவில்லை. "நான் மாணவன்தானே ஐயா, தொழிலாளி அல்லவே" என்கின்றான்! அவனை மாணாக்கனாகக் கல்லூரி மதிப்பதில்லை, தொழிலாளியாகக் கம்பெனி மதிப்பதில்லை; நடுவில் நிற்கின்றான்.

தீபாவளிக்கு முன் ஜவுளிக்கடைகளுக்கு ஆள் வேண்டும். அவ்வொரு திங்கள் காலை 10 முதல் இரவு 11 வரை நின்றுகொண்டே துணி விரித்துக் காட்டும் வேலை. கடைகளில் வேலை செய்வோர் அமர இருக்கை இடவேண்டும் என்று 1947-ஆம் ஆண்டின் கடைகள் நிறுவனங்கள் சட்டத்தை 2021-இல் நம் சட்டமன்றம் திருத்திற்று. கேரளத்தார் அதற்கு மூன்றாண்டு முன்னரே செய்தனர். சட்டம் வந்தது, இருக்கையும் சில கடைகளில் வந்தது, அதில் முழங்காலளவு துணிக்கட்டு அடுக்கிவைத்திருப்பதையும் யாம் கண்டோம். நம் சங்கத்திலேயே கடையுடையார் சிலர் உளர். அவர்கள் கடையில் அப்படியில்லை என்றே யாம் கொள்கின்றோம். அவர்களும் மாலையில் ஒருமுறை பார்த்துக்கொள்வது நலம்.

பெண்பிள்ளைகளின் உழைப்பு நம் கண்ணிற் படுவதே இல்லை. நம் ஊரில் மல்லிகை மிகுதி. கல்லூரியிலிருந்து வந்ததும் வாசற்றிண்ணையில் அமர்ந்து பூக்கட்டும் பெண்ணைப் பார்த்து, "வீட்டோடு இருக்கிறாள், நல்ல பிள்ளை" என்கின்றோம். அவள் கட்டுவது தலையிற் சூட அன்று. இத்தனை முழத்திற்கு இவ்வளவு என்று கூலி பேசி, மொத்த வியாபாரி கொடுத்துப்போன மொட்டு. மலர்வதற்குமுன் கட்டி முடிக்கவேண்டும். மலர்ந்துவிட்டால் கூலி குறையும். இரவு உணவு சமைப்பதும் அவளே. அதற்குக் கூலி இல்லை. நம் உதவிக்கு விண்ணப்பித்த பெண்பிள்ளைகளில் ஒருத்தியேனும் "யான் பொருளீட்டுகின்றேன்" என்று எழுதவில்லை. பொய்யென்று எண்ணாதீர்கள். பூக்கட்டுவது வேலை என்று அவளிடம் எவரும் சொல்லவில்லை.

மீண்டும் கல்யாண வேலைக்கு வருவோம். இதில் ஒரு நுட்பம் உண்டு. நம்மவரிடையே ஆடியிலும் புரட்டாசியிலும் மார்கழியிலும் திருமணம் இல்லை. கல்லூரி திறந்து, கட்டணமும் புத்தகமும் விடுதி முன்பணமும் செலுத்தவேண்டிய காலம் ஆனியும் ஆடியும். கையிற் காசு வேண்டிய ஆடியில் வேலை இல்லை. ஐப்பசி, கார்த்திகையில் முகூர்த்தங்கள் குவிகின்றன. நவம்பர்த் தேர்வும் அப்பொழுதே வருகின்றது. சித்திரை, வைகாசியில் முகூர்த்தம். ஏப்ரல் தேர்வும் அப்பொழுதே. பஞ்சாங்கத்தையும் பல்கலைக்கழகத் தேர்வு அட்டவணையையும் பக்கத்திற் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், இவ்விரண்டையும் வகுத்தவர்கள் இப்பிள்ளைகளை வருத்தவென்றே கூடிப்பேசினரோ என்று தோன்றும்.

வருகைக் கணக்கும் அப்படியே. பல பல்கலைக்கழகங்களில் ஒரு பருவத்திற்கு 90 வேலைநாள் என்றும், அதில் நூற்றுக்கு 75 பங்கு வந்திருத்தல் வேண்டும் என்றும் விதி. அஃதாவது 68 நாள் வரவேண்டும். 22 நாளுக்குமேல் தவறக்கூடாது. 65 பங்குவரை குறைந்தால் ஒரு கட்டணம் செலுத்தி மன்னிப்புப் பெறலாம். அதற்குக் கீழ் இறங்கினால் அப்பருவத் தேர்வு எழுதவியலாது. அம்மன்னிப்புக் கட்டணத்தைச் செலுத்தவும் பிள்ளை இன்னுமொரு பந்திக்குப் போகவேண்டும். போனால் இன்னுமொரு நாள் வருகை குறையும். கிணற்றுக் கயிறுபோல் இது சுற்றிச் சுற்றி வருகின்றது.

உழைத்துக்கொண்டு படிப்பது கெடுதியென்று யாம் கூற வந்தோமில்லை. புறநானூற்று 183-ஆம் பாட்டில், ஆசிரியனுக்கு இடுக்கண் உற்றவிடத்து உதவியும், மிக்க பொருளைக் கொடுத்தும் கற்கவேண்டும் என்னும் கருத்தை ஆரியப்படை கடந்த நெடுஞ்செழியன் கூறுகின்றான். அவன் அரசன், பொருள் கொடுக்க இருந்தது. பொருளில்லாதான் தன் உடலுழைப்பைத்தானே கொடுத்தாக வேண்டும்? (இலக்கியம் பேசமாட்டோம் என்று தொடங்கினோம், பழக்கம் விடவில்லை, பொறுத்தருள்க.) மராட்டிய நாட்டிற் கர்மவீர் பாவுராவ் பாட்டீல் என்னும் பெரியார் 1919-இல் ரயத் சிக்ஷண சன்ஸ்தையை நிறுவி, உழைத்தே கற்பது என்பதை அதன் உயிர்க்கொள்கையாக்கினார். 1924-இல் சாத்தாராவில் அவர் நடத்திய விடுதியிற் பல சாதிப் பிள்ளைகளும் ஒன்றாக உழைத்து ஒன்றாக உண்டு கற்றனர். அமெரிக்க நாட்டுக் கெண்டக்கியில் 1855-இல் தோன்றிய பெரியா கல்லூரியில் மாணாக்கர் போதனைக் கட்டணம் செலுத்துவதில்லை. ஒவ்வொருவரும் வாரத்திற்குக் குறைந்தது 10 மணி நேரம் கல்லூரிப் பணி செய்தாகவேண்டும். அங்கெல்லாம் வேலையைத் தந்தவரும் கல்வியைத் தந்தவரும் ஒருவரே. ஆதலின் ஒன்றையொன்று விழுங்காமற் பார்த்துக்கொண்டனர். நம் பிள்ளைக்கு வேலை தருவோன் ஒருவன், கல்வி தருவோன் மற்றொருவன். இருவரும் ஒருவரையொருவர் அறியார்.

யாமும் இவ்வழியில் வந்தவரே. 1999-ஆம் ஆண்டு தமிழ் இலக்கியம் இளநிலை பயின்றகாலை, திருமண அழைப்பிதழும் துண்டறிக்கையும் அச்சிடும் ஒரு சிற்றச்சகத்தில் மாலை 6 முதல் 10 வரை பிழைதிருத்தும் வேலை பார்த்தோம். வல்லினம் மிகுமிடமும் மிகாவிடமும் வகுப்பிற் படித்ததைவிட அங்கே கற்றதே மிகுதி; ஓர் ஒற்று விட்டுப்போனால் ஆயிரம் அழைப்பிதழ் வீணாகும் என்னும் அச்சம் நல்லாசிரியனாக நின்றது. இஃது ஆதாயம். நட்டமும் சொல்லவேண்டும். இரண்டாம் ஆண்டில், வைகாசி முகூர்த்தத்திற்கான அழைப்பிதழ் வேலை மலைபோற் குவிந்திருந்த காலத்தில் யாப்பிலக்கணத் தேர்வு வந்தது. ஒருநாள் விடுப்புக் கேட்டோம், கிடைக்கவில்லை. முதல்நாள் இரவு 1 மணிவரை வேலை பார்த்துவிட்டுச் சென்று எழுதித் தோற்றோம். இன்று பிறர்க்கு யாப்புக் கற்பிக்கும் யாம் அன்று யாப்பில் அரியர் வைத்திருந்தோம் என்பது எம் தலைமையாசிரியர்க்கும் இதுவரை தெரியாது. அந்நான்கு மணி வேலை எம்மை வளர்த்தது. அதன்மேல் ஏறிய மூன்று மணியே எம்மைத் தோற்கடித்தது.

இந்த அளவு என்பதைத்தான் பிறநாட்டார் சட்டமாக்கியிருக்கின்றனர். இங்கே நம் அன்பர் பலரின் மக்கள் ஆஸ்திரேலியாவிலும் கனடாவிலும் படிக்கின்றனர். ஆஸ்திரேலியாவில் அயல்நாட்டு மாணாக்கர் பாடம் நடக்கும் காலத்தில் இரு வாரத்திற்கு 48 மணி நேரத்திற்குமேல் உழைக்கலாகாது என்று 2023 ஜூலையில் வரம்பிட்டனர். கனடாவில் 2024 நவம்பரில், கல்லூரிக்கு வெளியே வாரத்திற்கு 24 மணி என்று வரையறுத்தனர். மெல்போர்னில் உணவகத்திற் பாத்திரம் துலக்கிக்கொண்டே தன் மகன் முதுநிலை படிப்பதாகச் சென்ற கூட்டத்தில் ஓர் அன்பர் பெருமையுடன் சொன்னார். நாமும் மகிழ்ந்து கேட்டோம். அதே தட்டை நம் ஊர் மண்டபத்தில் துலக்குபவன் உபகாரச் சம்பளம் இழக்கின்றான்! அன்பரே, உம்மைக் குறைகூறவில்லை. உம் மகனைப் போற்றிய வாயால் இவனையும் போற்றுக என்றே வேண்டுகின்றோம்.

இனி நாம் செய்யக்கூடியது யாது? முதலாவதாக, எம் கையால் எழுதிய அவ்விதியை எம் வாயாலேயே நீக்கக் கேட்கின்றோம். உதவிக்குரியவன் யார் என்பதைக் குடும்பத்தின் நிலைகொண்டு பார்க்கவேண்டும். பிள்ளையின் கூலியைக் கொண்டன்று. விண்ணப்பத்தில் "வேலை பார்க்கின்றாயா" என்னும் வினா இருக்கட்டும். ஆனால் அது தள்ளுவதற்கான வினாவாக இராமல், எத்தனை மணி நேரம், எவ்விடத்தில், இரவா பகலா என்று அறிவதற்கான வினாவாக இருக்கட்டும். வாரத்திற்கு 20 மணிக்குமேற் போகின்றவனை அழைத்து, ஏன் என்று கேட்போம். கடன் தவணைக்காக என்றால் அக்கடனைப் பார்ப்போம். உதவித்தொகையை இப்பொழுது தை மாதத்தில் விழா எடுத்து மாலையிட்டுக் கொடுக்கின்றோம். தையில் திருமணம் நிறைய. அவனுக்குக் கூலி கிடைக்கும். ஆடியிற் கொடுத்தால் அதன் மதிப்பு இரட்டிக்கும். விழாவுக்கு ஆடி நல்ல மாதமன்று என்று ஒரு பெரியவர் எம்மிடம் சொன்னார். விழா தையிலேயே நடக்கட்டும். பணம் ஆடியிற் போகட்டும்.

அடுத்தது விடுதிக் கதவு. இரவு 8 மணிக்குப் பூட்டுகின்றோம். இதனால் இரவு வேலைக்குச் செல்லும் பிள்ளைகள் விடுதியை விட்டு, நான்கு பேர் படுக்கும் அறையில் எண்மராக வெளியே தங்குகின்றனர். நம் விடுதியில் ஆறு கட்டில் வெறுமையாகக் கிடக்கின்றது. கதவைத் திறந்துவைத்தால் வேலைக்குப் போகாதவனும் ஊர்சுற்றப் போவான் என்று காப்பாளர் அஞ்சுகின்றார். அவ்வச்சம் நியாயமானதே, பதினெட்டு வயதை அவர் எம்மைவிட நன்கறிந்தவர். அதற்கும் வழியுண்டு. வேலை தருவோரிடம் ஒரு கடிதம் பெற்றுவரும் பிள்ளைக்கு மட்டும் 10½ மணிவரை அனுமதி, ஒரு பதிவேடு, அடுக்களையில் மூடிவைத்த சோறு. இவ்வளவே வேண்டுவது. தேர்வு நடக்கும் மூன்று வாரத்தில் அவ்வனுமதி யார்க்கும் இல்லை என்று வைத்துக்கொள்ளலாம். அம்மூன்று வாரக் கூலியை வட்டியில்லாக் கடனாக நிதியிலிருந்து கொடுக்கலாம். ஒருவர்க்கு 3,000 ரூபாய் என்று கொண்டாலும் இருபது பேர்க்கு 60,000 ரூபாய். சென்ற ஆண்டு இம்மண்டபத்து முகப்பு விளக்கிற்கு நாம் செலவிட்டது இதனினும் மிகுதி என்பதைப் பொக்கிஷதார் அறிவார்.

மூன்றாவது, உங்கள் ஒவ்வொருவர் இல்லத்தையும் பற்றியது. திருமணத்திற்குச் சமையற்காரரிடம் பேசுங்கால் இலைக்கு இவ்வளவு, பதார்த்தம் இத்தனை என்று நுணுகி நுணுகிக் கேட்கின்றீர்கள். பரிமாற வருவோர்க்கு என்ன கூலி, அவர்கள் எங்கே படுப்பார்கள், எவருக்கேனும் மறுநாள் தேர்வுண்டா என்று இன்னும் மூன்று கேள்வி கேட்டாற் குறைந்தா போய்விடும்? யாம் பார்த்த பிள்ளைகள் பந்தியெல்லாம் முடிந்த பின்னரே உண்கின்றனர். அப்பொழுது பாயசம் இருப்பதில்லை. கூலி மண்டபத்தில் அன்றே கைக்கு வருவதில்லை; பத்து நாள் கழித்து, அதுவும் இரண்டு முறை நடந்த பின்னரே வருகின்றது. திருமண வீட்டார் ஒரு சொற் சொன்னால் சமையற்காரர் மறுக்கமாட்டார்.

அன்று அண்டாமீது அமர்ந்திருந்த பிள்ளையை எம் வண்டியில் ஏற்றிக் கல்லூரி வாயிலில் இறக்கிவிட்டோம். வழியில் பின்னால் அமர்ந்தவாறே உறங்கி எம் தோளிற் சாய்ந்துவிட்டான். தேர்வு எப்படி எழுதினான் என்பது முடிவு வந்தபின் தெரியும். அவன் பெயரை யாம் சொல்லமாட்டோம்; அவன் இம்மண்டபத்தில் இருக்கின்றானா இல்லையா என்பதும் சொல்லோம். எவரேனும் ஆராய்ந்து அறிந்து, விதிப்படி அவன் உதவியை நிறுத்தவேண்டும் என்று கருதினால், அவ்விதியை எழுதிய எம்மிடமிருந்து அத்தொகையை முதலில் வசூலித்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கின்றோம்.

விதித் திருத்தத்தின் வாசகத்தை எழுதிக் காரியதரிசி அவர்களிடம் காலையிலேயே கொடுத்துவிட்டோம். இம்முறை சீர் எண்ணவில்லை. வாக்கியம் சற்று நீளமாகவே இருக்கின்றது. தை பிறக்குமுன் செயற்குழு கூடும் என்று அறிகின்றோம்.

இன்னும் ஒன்று. இன்று பகலுணவு பரிமாற வந்திருக்கும் இளைஞர் எண்மர் அடுக்களை வாயிலில் நின்று இதனைக் கேட்டுக்கொண்டிருக்கின்றனர். இங்கே வருமுன் அவர்களிடம் பேசினோம். ஐவர் கல்லூரி மாணாக்கர். ஒருவர்க்கு நாளைக் காலை 10 மணிக்குத் தேர்வு. அவரை முதற்பந்தி முடிந்ததும் அனுப்பிவிடுவதாகச் சமையற்காரர் ஒப்புக்கொண்டார். அவரிடத்தில் இரண்டாம் பந்திக்கு இலைபோட யாம் ஒப்புக்கொண்டிருக்கின்றோம். முதற்பந்திக்கு நேரமாயிற்று; எழுந்தருளுங்கள்.